டார்ச் பல்பு போன பிறகு

1980-களில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் மின்னோட்டவியல் செய்முறை வகுப்பு பத்து மணிக்கு என்றால், ஆய்வக உதவியாளருக்கு வேலை எட்டரை மணிக்கே தொடங்கிவிடும். கண்ணாடி ஜாடியில் நவச்சாரக் கரைசலை ஊற்றி, நடுவில் கார்பன் தண்டு உள்ள நுண்துளைக் குவளையை இறக்கி, ஓரத்தில் துத்தநாகக் கோலைச் செருகினால் லெக்லாஞ்சி மின்கலம். செம்புப் பாத்திரத்தில் மயில்துத்தக் கரைசல், அதற்குள் நுண்துளைக் குவளையில் நீர்த்த கந்தக அமிலமும் துத்தநாகக் கோலும் என்றால் டேனியல் மின்கலம். கோல்களை உப்புத்தாளில் தேய்த்து மேலே கொஞ்சம் பாதரசம் பூசி வைப்பார். பூசாவிட்டால் சுற்று திறந்திருக்கும்போதும் அமிலம் துத்தநாகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பாதரசத்தில் ஒரு துளியை உள்ளங்கையில் வாங்கி உருட்டி விளையாடாத அறிவியல் பிரிவு மாணவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. அது நஞ்சு என்று யாரும் அழுத்திச் சொன்னதில்லை. மூலையில் இரண்டு வோல்ட் ஈய அமில சேமக்கலங்கள் வரிசையாக இருக்கும். எது புதிதாகச் சார்ஜ் ஆனது, எது படுத்துவிட்டது என்பது உதவியாளருக்கு மட்டுமே தெரியும். “அண்ணே, நல்லதா ஒண்ணு குடுங்கண்ணே” என்று கேட்பதுதான் செய்முறையின் முதல் படி. அவரிடம் நல்ல பெயர் எடுத்தவனுக்கு அன்றைக்குச் சமநிலை கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டில் பியூசி என்ற கல்லூரிப் படிப்பு 1978-ல் பிளஸ் டூவாகப் பள்ளிக்கு இறங்கி வந்தது. அதுவரை கல்லூரி ஆய்வகங்களில் இருந்த மீட்டர் பிரிட்ஜும் பொட்டென்ஷியோமீட்டரும் அதோடு சேர்ந்து பள்ளிக்கூட மேசைகளுக்கு வந்தன. பாடநூல் அவற்றை மீட்டர் சமனச்சுற்று என்றும் மின்னழுத்தமானி என்றும் அழைத்தது; வகுப்பில் பிரிட்ஜ், பொட்டென்ஷியோமீட்டர்தான். இரண்டும் தந்திக் காலத்துக் கருவிகள். பிரிட்ஜின் மூலக்கருத்தை சாமுவேல் கிறிஸ்டி 1833-ல் வெளியிட்டார். வீட்ஸ்டோன் 1843-ல் அதை உலகறியச் செய்தார், பெயரும் அவருக்கே போய்விட்டது. போகன்டார்ஃப் மின்னழுத்தமானியின் கொள்கையைச் சொன்னது 1841-ல். கல்லூரிகளில் ‘பி.ஓ. பாக்ஸ்’ என்று ஒரு பெட்டி இருக்கும். பித்தளைச் செருகிகள் வரிசையாகக் குத்தி நிற்கும். அது பிரிட்டிஷ் தபால் துறையின் தந்திக் கம்பிகளைச் சோதிக்கச் செய்த பெட்டி என்பது அதன் பெயரிலேயே எழுதியிருந்தும், நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. கடலடியில் பல மைல் தள்ளிக் கம்பி எங்கே பழுதாகியிருக்கிறது என்று கரையில் உட்கார்ந்தபடியே மின்தடையை அளந்து கண்டுபிடித்த காலத்தின் கருவிகள் இவை. எங்கள் கைக்கு அவை வந்தபோது கண்டுபிடிக்கப் பழுது எதுவும் மிச்சமில்லை. விடை தெரிந்த ஒரு கம்பிச் சுருள்தான் இருந்தது.

மிச்சமில்லை என்று சொல்வதும் சரியில்லை. பழுது சுற்றிலேயே இருந்தது. பொட்டென்ஷியோமீட்டர் என்றால் பத்து மீட்டர் கம்பி, பலகையில் ஒவ்வொரு மீட்டராகப் பத்து வரிசை. முதன்மைச் சுற்றில் சேமக்கலமும் சாவியும். துணைச் சுற்றில் லெக்லாஞ்சி, கால்வனாமீட்டர், அதைக் காப்பாற்ற ஓர் உயர் மின்தடை, கடைசியில் கம்பியைத் தொடும் ஜாக்கி. எல்லாம் சரியாக இருந்தால் ஜாக்கியை முதல் கம்பியில் வைக்கும்போது முள் ஒரு பக்கமும் கடைசிக் கம்பியில் வைக்கும்போது மறுபக்கமும் போகும். அந்த ‘எதிரெதிர் விலக்கம்’ வந்துவிட்டால் பாதிச் செய்முறை முடிந்த மாதிரி. சேமக்கலம் இரண்டு வோல்ட், லெக்லாஞ்சி ஒன்றரை வோல்ட் என்றால் ஏழரை மீட்டர் பக்கம் முள் பூஜ்யத்தில் நிற்கும், அதுதான் சமநிலை நீளம். டேனியலுக்கு ஐந்தரை மீட்டருக்குச் சற்று முன்னால்.

வராவிட்டால்? இரு முனையிலும் முள் ஒரே பக்கம் போனால் அதற்குக் காரணங்கள் பல. மின்கலத்தின் முனை மாறியிருக்கலாம். சேமக்கலம் இறங்கி லெக்லாஞ்சிக்கும் கீழே போயிருக்கலாம். முதன்மைச் சுற்றில் எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கலாம். நூல் சுற்றிய இணைப்புக் கம்பி உள்ளே அறுந்து வெளியே முழுசாகத் தெரியலாம். முள் அசையவே இல்லை என்றால் அது வேறு கதை. ஒவ்வொரு இணைப்பாகக் கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். கம்பி நுனியை உப்புத்தாளில் தேய்த்துப் பளபளக்க வைத்து மறுபடி முறுக்க வேண்டும். மின்தடைப் பெட்டியின் செருகியைச் சும்மா வைத்தால் போதாது. அழுத்தித் திருக வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே கணக்கில் வராத ஒரு மின்தடை முளைத்துவிடும். அளந்துகொண்டிருக்கும்போதே சேமக்கலம் இறங்கும். அதே மின்கலத்துக்கு முதலில் கிடைத்த நீளம் அரை மணி கழித்துக் கூடியிருக்கும். எழுபது நிமிடத் தொடர்வகுப்பில் ஐம்பது நிமிடம் இதற்கே போய்விடும். ஆசிரியருக்கு அது வீணான நேரம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு சுற்று முழுவதுமாக மூடியிருந்தால்தான் வேலை செய்யும் என்பதை எந்தப் பாடநூல் வரியும் அந்தத் தளர்ந்த திருகு அளவுக்கு உறைக்க வைக்கவில்லை.

ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் ஓமுக்கும் இதே தொல்லை இருந்தது. வோல்டாவின் மின்கல அடுக்கை வைத்துச் செய்த முதல் சோதனைகளில் மின்னோட்டம் நிலையாக நிற்கவில்லை, அளவுகள் ஆடின. போகன்டார்ஃப் சொன்ன யோசனையின் பேரில் மின்கலத்தையே விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். ஒரு சந்தி கொதிநீரில், மறு சந்தி பனிக்கட்டியில். அந்த இரண்டு வெப்பநிலைகளும் மாறாதவை என்பதால் மின்னழுத்தமும் மாறவில்லை, விதி பிடிபட்டது. 1827-ல் நூலாக வந்தது. எங்கள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் புத்தகங்களில் ஓம் விதி ஒரு பெட்டிக்குள் மூன்று வரியாக இருந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நல்ல பேட்டரி கிடைக்காமல் அவதிப்பட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆய்வக மேசையில் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்தை மெச்சுவதற்காக இதை எழுதவில்லை. பொதுத்தேர்வில் இயற்பியலுக்கு அப்போது 200 மதிப்பெண். அதில் செய்முறைக்கு 50. சீட்டு எடுக்க வேண்டும். எந்தச் சோதனை வந்ததோ அதன் வாய்பாடு, சுற்றுப்படம், அட்டவணை எல்லாம் மனப்பாடம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் சுற்றுப்படத்தைப் பார்ப்பார், எதிரெதிர் விலக்கத்தைக் காட்டச் சொல்வார், போய்விடுவார். அதன்பின் அளவீடுகள் எங்கிருந்து வந்தன என்பது ஊரறிந்த ரகசியம். போன வருடத்து ரெக்கார்டு நோட்டில் அந்தச் சுருளுக்கு என்ன மதிப்பு வந்ததோ, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு சமநிலை நீளத்தை எழுதியவர்கள் உண்டு. இரண்டாம் தசம இடத்தில் கொஞ்சம் மாற்றி எழுதுவது கலையாகவே வளர்ந்திருந்தது. கடந்த முப்பது வருடமாக ஒரே சுருள் ஒரே மதிப்பைக் கொடுத்துவரும் ஆய்வகங்கள் இன்றும் இருக்கின்றன. அறிவியலில் இவ்வளவு துல்லியம் வேறெங்கும் கிடைக்காது.

பெரிய குறை வேறொன்று. கிர்க்காஃப் விதிகளை எழுதி, நான்கு மின்தடைகள் கொண்ட வலையில் ஒவ்வொரு கிளையின் மின்னோட்டத்தையும் கண்டுபிடித்த மாணவனிடம், இரண்டு ஒரே மாதிரி டார்ச் பல்புகளைத் தொடரிணைப்பில் போட்டால் எது பிரகாசமாக எரியும் என்று கேட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் என்று நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். மின்சாரம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகிவிடும், மிச்சம்தானே அடுத்ததற்கு வரும் என்பது அவர்கள் எண்ணம். யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

உலகின் வேறு இடங்களில் கேட்டார்கள். நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன் 1980-களின் தொடக்கத்தில் பிள்ளைகளிடம் ஒரு பேட்டரியையும் பல்பையும் காட்டிப் பேசினார். ஒரு கம்பி மட்டும் போதும், பேட்டரியிலிருந்து பல்புக்கு மின்சாரம் போய்ச் சேரும் என்றார்கள் சிலர். இரு முனையிலிருந்தும் மின்சாரம் வந்து பல்பில் மோதிக்கொள்வதால் வெளிச்சம் என்றார்கள் சிலர். போகும்போது அதிகம், திரும்பும்போது குறைவு என்றார்கள் சிலர். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லில்லியன் மெக்டெர்மட்டும் பீட்டர் ஷாஃபரும் கல்லூரி மாணவர்களுக்கு ஐந்து பல்புக் கேள்வி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே மாதிரி மூன்று பேட்டரிகள்: ஒன்றில் ஒரு பல்பு, அடுத்ததில் இரண்டு பல்புகள் தொடராக, மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில். ஐந்தையும் பிரகாச வரிசையில் அடுக்கு. ஒற்றைப் பல்பும் பக்க இணைப்பிலுள்ள இரண்டும் சமம். தொடரிலுள்ள இரண்டும் தமக்குள் சமம், மங்கல். கணக்கே தேவையில்லை. பாடம் முடித்த மாணவர்களிலும் சரியாகச் சொன்னவர்கள் 15 விழுக்காடு அளவில்தான். 1992-ல் அவர்கள் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது. தவறியவர்களில் பலர் பேட்டரியை ஒரே அளவு மின்னோட்டத்தை எப்போதும் தள்ளிக்கொண்டிருக்கும் பொருளாக நினைத்திருந்தார்கள்.

நம் பக்கத்தில் மின்சாரம் செலவாகிறது என்ற எண்ணம் வேரூன்றப் பாடமே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மின்னழுத்தம் என்றதும் உயரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சொல்வது வகுப்பு வழக்கம். உயர வேறுபாடு இருந்தால் நீர் பாயும், மின்னழுத்த வேறுபாடு இருந்தால் மின்னோட்டம் பாயும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் குழாயைத் திறந்ததும் வாளியில் விழுந்து தீர்ந்துபோகிறது. திரும்பித் தொட்டிக்குப் போவதில்லை. மேலே இருக்கும் வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் கீழே நமக்கு வேகம் குறையும் என்பதும் அனுபவம். மாணவன் அந்த அனுபவத்தை அப்படியே சுற்றுக்குள் கொண்டுபோகிறான். சில ஆசிரியர்கள் தொட்டியை விட்டுவிட்டு சைக்கிள் செயினைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெடலை மிதித்த கணமே செயின் முழுவதும் நகரும், எந்தக் கண்ணியும் தீர்ந்துபோவதில்லை, ஆனால் மிதிக்கிறவனின் உழைப்பு பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. எலெக்ட்ரான்கள் நகரும் வேகத்தைச் சொல்லும்போது இது இன்னும் உதவும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடினால் எலெக்ட்ரானின் இழுப்புத் திசைவேகம் நொடிக்கு சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் கடக்க நான்கு மணி நேரம் பக்கம் ஆகும். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறதே என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும். வந்தால் வகுப்பு உருப்படும்.

இன்றைய ஆய்வகத்தில் நவச்சாரம் இல்லை. எலிமினேட்டர் என்று எல்லோரும் சொல்லும் பெட்டி வந்து அத்தனை ஜாடிகளையும் ஒதுக்கிவிட்டது. சுவரில் செருகி, குமிழைத் திருகினால் 2 வோல்ட், 4 வோல்ட், 6 வோல்ட். அமிலம் சிந்தாது, பாதரசம் கிடையாது, சமநிலை நீளம் வகுப்பு முடியும்வரை ஆடாது. நல்ல மாற்றம்தான். 2008-க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்தபோதுதான் அதன் பலவீனம் தெரிந்தது: கரண்ட் போனால் கரண்ட் பாடமும் போயிற்று. லெக்லாஞ்சிக்கு அந்தக் கவலை இருந்ததில்லை.

முள் ஆடும் மீட்டர்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற டிஜிட்டல் மல்டிமீட்டர் வந்து உட்கார்ந்திருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் மாணவர்களே வாங்கி வைத்திருக்கிறார்கள். முனையை மாற்றிக் கொடுத்தால் பழைய அம்மீட்டரின் முள் பின்பக்கம் இடித்துக்கொள்ளும். பார்த்தவன் பதறிக் கம்பியைப் பிடுங்குவான். இதில் ஒரு கழித்தல் குறி வருகிறது, அவ்வளவுதான். 2018-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் 2019-ல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடநூல் வந்தது. பழையதைவிடத் தடிமன், படங்கள் வண்ணத்தில், பக்க ஓரத்தில் க்யூஆர் குறியீடு. மின்னோட்டவியல் அலகில் எலெக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகத்திலிருந்து தொடங்கி நுண்ணளவில் விளக்குகிறார்கள். பழைய புத்தகத்தில் வரையறைக்கும் வாய்பாட்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை இது ஓரளவு நிரப்பியிருக்கிறது என்றே சொல்வேன்.

பெரிய மாற்றம் திரையில் நடந்தது. 2001-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ‘ஃபெட்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதில் மின்சுற்று கட்டும் சிமுலேஷன் ஒன்று இருக்கிறது. கம்பி, பேட்டரி, பல்பு, மின்தடை எல்லாவற்றையும் விரலால் இழுத்து ஒட்டலாம். சுற்று மூடியதும் எலெக்ட்ரான்கள் நகர்வது தெரியும். பல்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே நெருக்கம், ஒரே வேகம். மின்சாரம் செலவாகிறது என்று நினைத்தவன் கண்ணால் பார்த்துத் திகைப்பான். பேட்டரியின் அகமின்தடையைக் கூட்டிக் குறைக்கலாம். குறுக்கே வெறும் கம்பியைப் போட்டால் தீப்பிடிக்கும், திரையில்தான்.

இது நிஜ உபகரணத்துக்கு ஈடாகுமா என்ற கேள்விக்கு அங்கேயே ஒரு சோதனை செய்தார்கள். நோவா ஃபிங்கெல்ஸ்டைனும் உடன் பணியாற்றியவர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு நிஜப் பல்புகளும் கம்பிகளும், மற்றவர்களுக்கு அதே வேலைக்குச் சிமுலேஷன். பிறகு எல்லோரையும் நிஜக் கம்பிகளால் ஒரு சுற்று கட்டி விளக்கச் சொன்னார்கள். திரையில் பழகியவர்களே கருத்துக் கேள்விகளிலும், நிஜச் சுற்றைக் கட்டி விளக்குவதிலும் முன்னே நின்றார்கள். பழைய ஆய்வகத்தின் மீது பாசம் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது உவப்பான செய்தி இல்லை. திரையில் தேவையற்றது எதுவும் குறுக்கே வராது, கவனம் சுற்றின் மேலேயே இருக்கும் என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் நான் மேலே சொன்ன தளர்ந்த திருகும் அந்தத் தேவையற்றவற்றில் ஒன்று. சிமுலேஷனில் கம்பியை ஒட்டினால் ஒட்டியதுதான். இன்று கணினி ஆய்வகத்தில் பத்து நிமிடத்தில் ஐந்து பல்புக் கேள்விக்குச் சரியான விடை சொல்லும் பெண், வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றால் பிளக்கா, வயரா, சுவிட்சா என்று படிப்படியாகப் பார்த்துத் தேட எங்கேயும் பழகவில்லை. இதற்குச் செய்முறைத் தேர்வில் இடம் கொடுக்கலாம். வேண்டுமென்றே ஓர் இணைப்பை அறுத்து வைத்த சுற்றையும் ஒரு மல்டிமீட்டரையும் கொடுத்து, பழுது எங்கே என்று கேட்கலாம். தந்திக் கம்பிக்காரர்கள் செய்த வேலையும் அதுதானே. மீட்டர் பிரிட்ஜில் மறுபடியும் அதே சுருளை அளப்பதைவிட அது மேல்.

இதற்கிடையில் யாரும் அறிவிக்காமல் இன்னொரு மாற்றம் நடந்துவிட்டது. பல்பு போய்விட்டது.

பழைய வகுப்பறையில் டார்ச் பல்புதான் ஏழையின் அம்மீட்டர். பித்தளைக் கழுத்தில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று பொறித்திருக்கும், பெட்டிக்கடையில் கிடைக்கும். மின்னோட்டம் கூடினால் வெளுத்து எரியும், குறைந்தால் சிவந்து மங்கும். அளவுகோல் இல்லாமலே கண் அளந்துவிடும். எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும். ஒரு செல்லிலும் எரியும், மங்கலாக. இப்போது டார்ச் எல்லாம் எல்இடி. கடைக்காரரிடம் பழைய பல்பு கேட்டால் நம்மை நிமிர்ந்து பார்க்கிறார். அதற்குப் பதிலாக ரெண்டு ரூபாய் எல்இடியை வைத்து ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை நடத்தப் போனால் சிக்கல் தொடங்கிவிடுகிறது. முனை மாறினால் எரியாது. வெள்ளை எல்இடிக்கு மூன்று வோல்ட் பக்கம் வேண்டும், ஒற்றைச் செல்லில் ஒளியே வராது. மின்தடை சேர்க்காமல் நேராக ஒன்பது வோல்ட் பேட்டரியில் போட்டால் கருகிவிடும். மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் மின்னோட்டம் இரண்டு மடங்காகும் என்ற விதியைக் கற்பிக்க, அந்த விதிக்குக் கட்டுப்படாத ஒரு பொருளைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. (டங்ஸ்டன் இழையும் முழுக்கக் கட்டுப்படாது, குளிர்ந்த இழையின் மின்தடை சூடான இழையின் மின்தடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அது நாகரிகமான மீறல், பத்தாம் வகுப்பு வரை மறைத்து வைக்கலாம்.)

தேர்வில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: 230 வோல்ட்டில் எரியும் 40 வாட், 100 வாட் பல்புகளைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? 40 வாட். அதன் மின்தடை சுமார் 1,320 ஓம், 100 வாட்டுக்கு 529 ஓம். தொடரில் ஒரே மின்னோட்டம் என்பதால் அதிக மின்தடைக்கே அதிகத் திறன். கணக்குப்படி 40 வாட் பல்புக்கு 20 வாட் அளவும் மற்றதற்கு 8 வாட் அளவும் கிடைக்கும். செய்து பார்த்தால் இன்னும் வேடிக்கை. 100 வாட் பல்பின் இழை சூடேறாமல் மின்தடை குறைந்தே கிடப்பதால் அது எரிகிற மாதிரியே தெரியாது. அந்தக் காலத்தில் இரண்டு ஹோல்டரும் ஒரு பலகையும் கொண்டு துணிச்சலான ஆசிரியர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள். வகுப்பே அலறும். 2015 ஜனவரி 5-ல் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. கோடிக்கணக்கில் எல்இடி பல்புகள் வீடுகளுக்குப் போயின. மின்கட்டணத்துக்கு நல்லது. ஆனால் 9 வாட் எல்இடி பல்பின் வயிற்றில் ஒரு சிறு மின்னணுச் சுற்று தன் போக்கில் மின்னோட்டத்தைச் சீர்செய்துகொண்டிருக்கிறது. இரண்டைத் தொடரில் போட்டால் சில மினுக்கும், சில எரியவே எரியாது. மின்தடைக் கணக்கு அங்கே செல்லாது. கேள்வி மட்டும் வினாத்தாளில் இருக்கிறது. 100 வாட் பல்பைக் கண்ணால் பார்த்திராத பிள்ளை அதற்கு விடை எழுதுகிறது.

வீட்டிலும் தெருவிலும் இருந்த மற்றப் பாடங்களும் இப்படியே மூடிக்கொண்டன. மாரியம்மன் திருவிழாவுக்கு மைக் செட்காரர் கட்டும் சீரியல் செட்டில் 6 வோல்ட் குட்டி பல்புகள் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைய ஒரே கம்பியில் கோத்திருக்கும். அத்தனையும் சேர்ந்து 230 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று போனால் சரமே இருளும். எது போனது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும் பையனுக்குத் தொடரிணைப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை (அவன் கை பிழைத்ததும் ஆச்சரியம்தான்). மீட்டர் போர்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, கருகிய கம்பியை எடுத்துவிட்டு ஒற்றை இழையைச் சுற்றி மாட்டும் அப்பாவோ மாமாவோ எல்லா வீட்டிலும் இருந்தார்கள். ஒரு இழைக்குப் பதில் நான்கு இழை சுற்றி வைக்கும் மேதைகளும் இருந்தார்கள். இப்போது எம்சிபி விசை கீழே விழுகிறது, மேலே தள்ளிவிடுகிறோம். பாதுகாப்பு கூடியிருக்கிறது. ஏன் விழுந்தது என்று கேட்கும் சந்தர்ப்பம் போய்விட்டது.

பாடத்திட்டமும் ஒரே திசையில் போகவில்லை. என்சிஇஆர்டி 2022-23-ல் பன்னிரண்டாம் வகுப்பு நூலைச் சுருக்கியபோது மீட்டர் பிரிட்ஜ், மின்னழுத்தமானி, மின்தடைகளின் தொடர் - பக்க இணைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. தொடர் - பக்க இணைப்பு பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறதாம். தமிழ்நாட்டின் 2019 நூல் மீட்டர் பிரிட்ஜையும் மின்னழுத்தமானியையும் வைத்திருக்கிறது. நீட் எழுதும் மாணவருக்கோ 180 நிமிடத்தில் 180 கேள்வி. கனசதுரத்தின் பன்னிரண்டு விளிம்புகளிலும் ஒரே மின்தடை இருந்தால் மூலைவிட்ட முனைகளுக்கிடையே 5/6 பங்கு என்று பயிற்சி மையத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் அந்த ஒரு நிமிடம் போய்விடும். சமச்சீரைப் பயன்படுத்தி மின்னோட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆறாகப் பிரிந்து, மீண்டும் மூன்றாகச் சேர்வதை வரைந்து காட்டும்போது வகுப்பில் எழும் அந்தச் சின்ன ஆரவாரத்தை நான் இன்னும் விரும்புகிறேன்.

புதிதாக வந்து சேர்ந்தவையும் உண்டு. பவர் பேங்க் எல்லோர் பையிலும் இருக்கிறது. 10,000 மில்லியாம்பியர்-மணி என்று மேலே போட்டிருக்கிறது. என் போன் 5,000, இரண்டு தடவை ஏற வேண்டுமே, ஏன் ஏறவில்லை? உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே கொடுப்பது 5 வோல்ட். ஆற்றலைப் பெருக்கிப் பார்த்தால் 37 வாட்-மணி, 5 வோல்ட்டில் அது 7,400 மில்லியாம்பியர்-மணி; போனின் செல்லும் 3.7 வோல்ட் பக்கம் என்பதால் ஆற்றல் கணக்கில் இரண்டு தடவைக்குப் போதும், வோல்ட்டை ஏற்றி இறக்கும்போது சூடாகி இழப்பதில்தான் குறைகிறது. இந்தக் கணக்கில் சோம்பும் மாணவனை நான் பார்த்ததில்லை; ஏமாற்றப்பட்டோமா என்று தெரிந்துகொள்ளும் ஆவல் பெரிது. 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களை நேரே கொண்டுபோகிறது. கம்பியும் செல்லும் முதலில் கையில் படவேண்டிய வயது அதுதான்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் டார்ச் பல்பு தேடி அலுத்துப்போய், டூவீலர் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனார். இண்டிகேட்டர் பல்பு: 12 வோல்ட், 10 வாட், இழை பல்பு, விலையும் அதிகமில்லை. புது வண்டிகளில் அதுவும் எல்இடி ஆகிவருவதால் ஒரே தடவையில் இரண்டு டஜன் வாங்கிவிட்டார். யுபிஎஸ்-க்குப் போடும் 12 வோல்ட் பேட்டரியில் ஒரு ஃபியூஸைச் சேர்த்து, மரப்பலகையில் ஐந்து ஹோல்டரை அடித்து, சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் எல்லோரையும் வரிசையை நோட்டில் எழுதச் சொல்கிறார். எழுதியபின் அழிக்கக் கூடாது. பிறகு கை தூக்கச் சொல்லிக் கரும்பலகையில் எண்ணிக்கை போடுகிறார். தொடரில் முதல் பல்புதான் பிரகாசம் என்ற கட்சிக்கு ஒவ்வொரு ஆண்டும் ஆள் சேர்ந்துவிடுகிறது. சுவிட்சைப் போட்டதும் அந்தக் கட்சி அவ்வளவு சுலபத்தில் கலைவதில்லை. “மிஸ், அந்த ரெண்டாவது பல்பே கொஞ்சம் பவர் கூட இருக்கும் மிஸ், அதான் சமமாத் தெரியுது. ரெண்டையும் மாத்திப் போடுங்க.” மாற்றிப் போடச் சொன்னவனையே அழைத்துப் போடச் சொல்கிறார். சூடாக இருக்கும், கர்ச்சீப்பால் பிடிக்க வேண்டும்.